கடைசி வகுப்புக்குப் போகும் கைகள்

இடைநிலைப்பள்ளியின் கீழ்ப்படிவங்களில் நம் பிள்ளைகள் ஒரு சோதனை எழுதுகிறார்கள். அதற்குப் பாடப்புத்தகம் கிடையாது, டியூஷன் கிடையாது, தேர்ச்சி தோல்வியும் கிடையாது. இயந்திரத்தைப் பிரித்து மாட்டப் பிடிக்குமா, சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பிடிக்குமா, நாலு பேரிடம் பேசி ஒரு பொருளை விற்கப் பிடிக்குமா என்கிற தினுசில் வரிசையாகக் கேள்விகள் இருக்கும். தொழில் ஆர்வச் சோதனை அது. மலாய்ச் சுருக்கத்தில் ஐ.எம்.கே. என்பார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த கோட்பாடுதான் அதற்கு அடிப்படை. தொழில் நாட்டத்தை அவர் ஆறு வகையாகப் பிரித்தார். கையாலும் கருவியாலும் வேலை செய்பவர், துருவி ஆராய்பவர், கலை மனம் கொண்டவர், மனிதர்களோடு பழகி உதவுபவர், முன்னின்று நடத்துபவர், கணக்கு வழக்கை ஒழுங்காக வைத்திருப்பவர். எவரும் ஒரே வகையில் அடங்கிவிடுவதில்லை. இரண்டு மூன்று கலந்துதான் இருப்பார்கள், அதில் எது தூக்கலாக இருக்கிறது என்பதே கேள்வி.

கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணியிலும் பீடோங்கிலும் லூனாசிலும் பெற்றோரிடம் இந்தச் சோதனையைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். "அப்படி ஒன்னு இருக்கா?" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கிற பதில். மகனுக்கு எத்தனை 'ஏ' என்று கேட்டால் சட்டென்று சொல்வார்கள். அவனுக்கு எந்த வேலையில் மனம் நிற்கிறது என்று பள்ளி எழுதிக் கொடுத்த தாள் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அந்தத் தாளை வைத்து முடிவெடுக்கச் சொல்லி அவர்களிடம் யாரும் உட்கார்ந்து பேசியதில்லை.

கெடாத் தமிழ்க் குடும்பம் படிப்பை ஒரே ஒரு வழியாகப் பார்ப்பதற்கு வலுவான வரலாற்றுக் காரணம் உண்டு. ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்றவர்களுக்குப் படிப்பின் பயன் கண்ணெதிரே தெரிந்தது. பேர் கூப்பிட்டுப் பேரேட்டில் எழுதுகிற கிராணி நிழலில் நின்றார், பால்மரம் வெட்டியவர்கள் காட்டுக்குள் போனார்கள். கிராணியின் வீடு தனி, லயத்து வீடுகள் தனி. கிராணி வீட்டுப் பிள்ளைகள் டவுன் ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள், லயத்துப் பிள்ளைகள் ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை மேய்த்த தோட்டப் பள்ளியில் படித்தார்கள். பேனா பிடித்தவன் வெயிலில் காய வேண்டாம் என்பதை அந்த மக்கள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, தினமும் காலையில் பார்த்தார்கள். "நீயாவது படிச்சு ஆபீஸ்ல உட்காரு" என்று மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்தது அந்தக் காட்சியிலிருந்து பிறந்த பேச்சு. அதை மதிக்காமல் யாரும் இந்தச் சமூகத்தின் கல்வியைப் பற்றிப் பேசக் கூடாது.

ஆனால், அந்தக் காட்சியில் இன்னும் பலர் இருந்தார்கள். இஞ்சின் கொட்டகையில் ஜெனரேட்டரின் சத்தத்தை வைத்தே கோளாறு என்னவென்று சொன்னவர் இருந்தார். புகைக்கொட்டகையில் ரப்பர் ஷீட் எத்தனை நாள் காய வேண்டும், விறகு எவ்வளவு போட வேண்டும் என்று நிறம் பார்த்தே அறிந்தவர் இருந்தார். நாற்பது குழந்தைகளை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்த ஆயா இருந்தார். டிராக்டர் ஓட்டுநர், டிரெசருக்குக் கைகொடுத்தவர், தோட்டக் கோவில் திருவிழாவைப் பத்துக் குழுவாகப் பிரித்து நடத்தியவர் என்று ஹாலண்ட் சொன்ன ஆறு வகையும் ஒரு லயத்தில் இருந்தன. அவர்கள் யாருக்கும் காகிதம் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் செம்பனையாகி, செம்பனை தாமானாகி, மக்கள் டவுன் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தபோது, இருபது வருஷம் இஞ்சின் பார்த்தவர் தொழிற்சாலை வாசலில் "என்ன சான்றிதழ் இருக்கிறது?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நின்றார். காவலாளி வேலைக்குப் போனார். எனக்கு இந்த விஷயத்தில் இருக்கிற ஆத்திரமெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. திறமை இல்லாததால் அவர் தோற்கவில்லை. அவருடைய திறமைக்கு எழுத்தில் சாட்சி சொல்ல ஒரு கல்வி முறை அன்று அவருக்கு எட்டவில்லை.

தோட்ட மக்கள் கைகட்டிச் சும்மா இருந்தவர்களும் அல்ல. 1946, 47-இல் பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்தை மையமாக வைத்து ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடையை மறித்து நின்றார்கள், ஒழுக்கம் பேசினார்கள், கூலிக்காரர்கள் நிமிர்ந்து நடக்க வேண்டும் என்றார்கள். ஆட்களைத் திரட்டவும் கட்டுப்பாட்டோடு நடத்தவும் அவர்களுக்குப் பட்டம் தேவைப்படவில்லை. 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறுசேமிப்பில் தோட்டம் வாங்கத் துணிந்தபோது முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம்தான். முன்னின்று நடத்தும் குணமும் கணக்கை ஒழுங்காக வைக்கும் குணமும் சேர்ந்தால் லயத்து மக்களால் என்ன முடியும் என்பதற்கு அது சான்று.

இனி பள்ளிக்கூடத்துக்கு வருவோம். பள்ளி அறிவை மட்டும் அளக்கிறது என்று நினைக்கிறோம். ஆர்தர் போரோபட் என்ற ஆய்வாளர் அதுவரை வந்திருந்த ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் ஒரு முடிவை வெளியிட்டார். குணநலன்களில் பொறுப்புணர்வு, அதாவது சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் ஒழுங்காக முடிக்கிற சுபாவம், மதிப்பெண்ணை ஏறத்தாழ அறிவுத்திறன் அளவுக்கே முன்கூட்டிக் காட்டுகிறது என்றார். யோசித்தால் நமக்கே தெரிந்த சங்கதிதான். ஆறு மணி நேரம் நாற்காலியில் அமர்ந்து, எழுதியதைத் திருப்பிப் பார்த்து, வீட்டுப்பாடத்தை மறக்காமல் கொண்டு வருகிற பிள்ளைக்குப் பள்ளி இயல்பாகவே வசதியான இடம். அதே அறிவு இருந்தும் உடம்பு அசையாமல் உட்கார முடியாத பிள்ளைக்கு அங்கே ஒவ்வொரு நாளும் ஒரு சண்டை. இரண்டு பேருக்கும் ஒரே தாள், ஒரே மணி, ஒரே அளவுகோல்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. "உங்கள் பிள்ளை கண்ணால் கற்பவனா, காதால் கற்பவனா, கையால் கற்பவனா" என்று பிரித்து, அதற்கேற்ற பயிற்சி தருகிறோம் என்று கட்டணம் வாங்கும் முகாம்கள் நம் ஊர்களில் வந்து போகின்றன. அந்தக் கற்றல் பாணிக் கோட்பாட்டுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஹெரால்டு பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் 2008-இலேயே எழுதிவிட்டார்கள். நான் பேசுவது தொழில் நாட்டத்தைப் பற்றி, சுபாவத்தைப் பற்றி. பள்ளி ஆலோசக ஆசிரியர் இலவசமாகத் தருகிற தாளில் இருப்பதை வெளியே காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

நம் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு தடையும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு முடித்து மலாயில் பின்தங்கியவர்கள் நேரே படிவம் ஒன்றுக்குப் போகாமல் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு இருந்துதான் போக வேண்டியிருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த ஓர் ஆண்டு மொழியைக் கொடுத்ததோ இல்லையோ, "நான் கொஞ்சம் மட்டம்" என்ற நினைப்பைக் கொடுத்தது. பையன்கள் பலருக்குப் படிப்பின் மேல் மனம் விட்டுப் போனது அங்கிருந்துதான். பிறகு ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ரத்தானது, படிவம் மூன்றின் பி.டி.3 தேர்வு 2022-இல் ரத்தானது. தேர்வுச் சுமை குறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால், அதனால் நாடு தழுவிய முதல் தேர்வையே பிள்ளை பதினேழு வயதில், எஸ்.பி.எம். மண்டபத்தில்தான் சந்திக்கும் நிலை வந்தது. படிவம் நான்கில் எந்தப் பாடங்களை எடுப்பது என்ற பெரிய முடிவு அதற்கு ஈராண்டு முன்பே வந்துவிடுகிறது. கையில் பொதுத்தேர்வு முடிவு எதுவும் இல்லாத அந்த நேரத்தில் பெற்றோர் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்? பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்ததைப் பார்த்து. அறிவியல் பாடம் எடுத்தால் கெட்டிக்காரன், தொழிற்பாடம் எடுத்தால் கடைசி வகுப்பு.

அந்தக் கடைசி வகுப்பில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சாதாரண இடைநிலைப்பள்ளிகளிலேயே எம்.பி.வி. என்று தொழிற்பாடங்கள் உண்டு. வீட்டு மின்கம்பி அமைப்பு, குழாய் வேலை, வெல்டிங், மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பு, குளிர்சாதனப் பராமரிப்பு, சமையலும் பரிமாறலும், ஆடை வடிவமைப்பும் தையலும், குழந்தைப் பராமரிப்பு, முதியோர் பராமரிப்பு என்று நீளும் பட்டியல் அது. எல்லாப் பள்ளியிலும் எல்லாப் பாடமும் கிடைக்காது. இருக்கிற பள்ளிகளிலும், பிள்ளைக்கு அதில் நாட்டம் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவதைவிட, கணிதத்தில் தேறவில்லை என்பதற்காக அனுப்புவதே அதிகம். "படிக்க மாட்டேங்கிறான் சார், அங்கயாவது போடுங்க" என்று அப்பாவே சொல்லும்போது, அந்த வகுப்புக்குள் நுழையுமுன்பே பையனின் தலை கவிழ்ந்துவிடுகிறது. என் மனத்தில் அந்த 'அங்கயாவது'தான் இத்தனை வருஷமாக உறுத்துகிறது.

வெல்டிங் பட்டறையில் 6ஜி என்று ஒரு நிலை இருக்கிறது. இரண்டு குழாய்த் துண்டுகளை முனையோடு முனை வைத்து, நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் நகராமல் கட்டிவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது, வெல்டர்தான் அதைச் சுற்றி வர வேண்டும். அடிப்பக்கம் வரும்போது தலைக்கு மேல் பற்றவைக்க வேண்டும், உருகிய இரும்பு கீழே சொட்டப் பார்க்கும். பக்கவாட்டில் வரும்போது மணிக்கட்டின் கோணம் விநாடிக்கு விநாடி மாறும். முதல் ஓட்டம் குழாயின் உட்புறம் வரை சீராக இறங்க வேண்டும். கூடினால் ஓட்டை விழும், குறைந்தால் ஒட்டாது. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பிறகு கிரைண்டர் வைத்துத் தேய்த்து, அடுத்ததை அதன் மேல் ஏற்ற வேண்டும். முடிந்ததும் கதிர்வீச்சுப் படம் எடுப்பார்கள், அல்லது துண்டு போட்டு வளைத்துப் பார்ப்பார்கள். உள்ளே ஊசிமுனைக் குமிழிகள் கூட்டமாக இருந்தாலும் போயிற்று, மறுபடி முதலிலிருந்து. வகுப்பில் பத்து நிமிஷம் உட்காராதவன் என்று பேர் வாங்கிய பையன் முகமூடிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழாயைச் சுற்றி நிற்பதைப் பார்த்தவர்கள், அவனுக்குப் பொறுமை இல்லை என்று அப்புறம் சொல்ல மாட்டார்கள். அவனுடைய பொறுமை நாற்காலியில் கட்டிவைத்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

மின்சாரத் துறையிலும் இதே கதை. வயர்மேனாக வேண்டுமானால், சார்ஜ்மேனாக வேண்டுமானால், ஆற்றல் ஆணையத்தின் தகுதிச் சான்று வேண்டும். மின்னழுத்தம் ஏற ஏறத் தகுதிப் படியும் ஏறும். சட்டம் தெரிய வேண்டும், வரைபடம் படிக்கத் தெரிய வேண்டும், கணக்கு வர வேண்டும். கைவேலை என்றால் படிப்பு வேண்டாம் என்று யாராவது சொன்னால் அவர்களை ஒரு சார்ஜ்மேன் தேர்வுக்கு அனுப்பலாம். இது முழுக்க முழுக்க முறையான கல்விதான்.

கூலிமைப் பாருங்கள். ஒரு காலத்தில் தோட்டக்காடு சூழ்ந்திருந்த அந்த வட்டாரத்தில் 1996-இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தார்கள். இன்டெல், ஃபர்ஸ்ட் சோலார், ஏ.டி. அண்ட் எஸ். என்று நிறுவனங்கள் வந்தன. இன்ஃபினியன் 2024 ஆகஸ்டில் சிலிக்கான் கார்பைடு சில்லுகளுக்கான மிகப்பெரிய ஆலையின் முதல் கட்டத்தை அங்கே திறந்தது. பட்டம் பெற்ற பொறியாளர்கள் மட்டும் வைத்து அப்படி ஓர் ஆலை ஓடாது. வெற்றிடப் பம்பு, ரசாயனக் குழாய், குளிரூட்டி, மின்மாற்றி என்று இரவு பகலாகக் கவனிக்கிற தொழில்நுட்பர்கள் வேண்டும். பக்கத்திலேயே துவாங்கு சுல்தானா பஹியா பாலிடெக்னிக் இருக்கிறது, அட்டெக் பயிற்சிக் கழகம் இருக்கிறது, வடக்கே ஜித்ராவில் இன்னொரு பாலிடெக்னிக் இருக்கிறது. பாடாங் செராயிலிருந்தும் லூனாசிலிருந்தும் மோட்டார் சைக்கிளில் போய்வரும் தூரத்தில் கூலிம் இருக்கும்போது, நம் பையன்கள் கூட்டம் கூட்டமாக உணவு விநியோகப் பைகளை முதுகில் மாட்டிக்கொண்டு பினாங்குப் பாலம் தாண்டுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். செமிலிங்கில், பழைய கடாரத்தின் பூஜாங் பள்ளத்தாக்குக்கு அருகில், எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் நிற்கிறது. ம.இ.கா.வின் கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி. 2001-இல் அதைத் தொடங்கியது. தோட்டத்துப் பிள்ளை வெள்ளைக் கோட்டுப் போட்டு நடப்பதைக் காண ஏங்கிய ஒரு சமூகத்தின் கனவு அந்த வளாகம், அதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால், நாட்டம் ஆராய்ச்சியிலோ வரைவதிலோ இருக்கிற பிள்ளையை, "டாக்டர்" என்ற ஒரு சொல்லுக்காக வீட்டை அடகு வைத்து மருத்துவத்துக்கு அனுப்புவதும் நடக்கிறது. படித்து முடித்தாலும் நிரந்தர வேலை உறுதியில்லை. இளம் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக ஒப்பந்த முறையில் காத்திருந்து, 2021 ஜூலை 26-இல் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றதை நாடே பார்த்தது. அந்தச் சிரமத்தை மனம் ஒன்றிய பிள்ளை தாங்கிக்கொள்ளும், தள்ளிவிடப்பட்ட பிள்ளை உள்ளுக்குள் நொறுங்கும். பெண்பிள்ளைகள் விஷயத்தில் இதற்கு வேறு முகம். அவர்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள், மதிப்பெண் வாங்குகிறார்கள், அதனால் கவலையில்லை என்று விட்டுவிடுகிறோம். ஆசிரியை, தாதி என்ற இரண்டு கதவைத் தவிர மற்றதைக் காட்டுவதில்லை. இயந்திரத்தில் ஆர்வமுள்ள பெண் ஒருத்தி அட்டெக் வாசலை மிதிக்க வீட்டில் எத்தனை பேரைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருக்கிறது!

முறையான படிப்பு பொருந்தி வந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இந்த மண்ணிலேயே ஆள் உண்டு. பீடோங்கில் 1940-இல் பிறந்த ரெ. கார்த்திகேசு வானொலி ஒலிபரப்பாளராக இருந்தவர். பிறகு பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தகவல் சாதனத் துறைப் பேராசிரியரானார், நாவலும் சிறுகதையும் விமர்சனமும் எழுதினார். பேச்சும் வாசிப்பும் ஆராய்ச்சியும் சேர்ந்த ஒரு சுபாவத்துக்குப் பல்கலைக்கழகம் சரியான வீடாக அமைந்தது. கோ. புண்ணியவான் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே எழுத்தாளரானார். சீ. முத்துசாமி தோட்ட வாழ்க்கையின் ஈரத்தை 'மண்புழுக்கள்' நாவலில் கொண்டுவந்தார். லூனாசில் பிறந்த எழுத்தாளர் ம. நவீனும் ஆசிரியர்தான். கெடாவின் எழுத்தாளர்களில் இத்தனை ஆசிரியர்கள் இருப்பது தற்செயல் அல்ல. ஆசிரியர் பயிற்சிதான் நெடுங்காலமாகத் தோட்டத்துப் பிள்ளைக்கு எட்டுகிற, உறுதியான வழியாக இருந்தது. கலை மனம் கொண்டவர்களும் அதன் வழியாகவே வெளியே வந்தார்கள். வேறு வழி இருந்திருந்தால் வேறு எத்தனை வகை மனிதர்கள் வந்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

ஒரு பயம் எனக்கும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. சுபாவம், நாட்டம் என்று பேசப் பேச, "தோட்டத்துப் பிள்ளைக்குக் கைவேலை போதும்" என்ற பழைய முடிவுக்கே யாராவது நம்மைக் கொண்டுபோய் விடலாம். அந்த முடிவுக்குப் பெரிய சரித்திரம் உண்டு. மீனவன் மகனையும் விவசாயி மகனையும் தகப்பனைவிடக் கொஞ்சம் விவரமான மீனவனாகவும் விவசாயியாகவும் ஆக்கினால் போதும் என்ற கருத்தை, மலாய்ப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது, 1920-இல் கூட்டு மலாய் மாநிலங்களின் அரசு அறிக்கையே எழுதிவைத்தது. தோட்டப் பள்ளிகளும் அதே மனப்பான்மையில்தான் நடத்தப்பட்டன. ஆகவே, யாரை எங்கே அனுப்புவது என்பதை முகவரி பார்த்து, அப்பாவின் வருமானம் பார்த்து, இனம் பார்த்து முடிவு செய்ய இடம் கொடுக்கக் கூடாது. இயற்பியலில் மூளை பாய்கிற தாமான் பையனுக்கு மெட்ரிகுலேஷனும் பல்கலைக்கழகமும் கிடைத்தாக வேண்டும், அதற்குச் சண்டை போடத்தான் வேண்டும். 2024-இல் எஸ்.பி.எம். தேர்வில் பத்து 'ஏ'யும் அதற்கு மேலும் பெற்ற எல்லா இனத்து மாணவர்களுக்கும் மெட்ரிகுலேஷன் இடம் என்று அரசு அறிவித்தது அப்படிப் பல ஆண்டு கேட்டுக் கேட்டு வந்ததுதான். பத்து 'ஏ' வாங்காத பெருங்கூட்டத்துக்கு யார் கேட்கிறார்கள்?

அவர்களுக்கான கதவுகள் ஏற்கெனவே இருக்கின்றன, பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. 2006-ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம்., மூன்று படிகளாகக் கிடைக்கிறது. நான்காம் படி டிப்ளோமா, ஐந்தாம் படி உயர் டிப்ளோமா. முதல் படியில் சேர எஸ்.பி.எம். தேவையில்லை, எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். தேசிய இரட்டைப் பயிற்சி முறை என்று ஜெர்மானிய வழியை ஒட்டி 2005-இல் வந்த திட்டத்தில், பயிற்சியின் பெரும்பகுதி தொழிற்சாலையிலேயே நடக்கும், மீதிதான் வகுப்பறை. ஏற்கெனவே பட்டறையில் பத்துப் பதினைந்து வருஷம் போமேனாக இருப்பவருக்கு, செய்த வேலைகளை ஆதாரத்தோடு தொகுத்துக் கொடுத்தால், மறுபடி வகுப்பில் உட்காராமலே எஸ்.கே.எம். வழங்குகிற பி.பி.டி. முறையும் உண்டு. அந்த இஞ்சின் கொட்டகைக்காரருக்கு அன்று கிடைக்காமல் போன காகிதம் இதுதான். அனுபவத்தை எடைபோட்டு, வயதும் பணி அனுபவமும் உள்ளவர்களைப் பல்கலைக்கழகப் படிப்பில் சேர்க்கும் ஏப்பல் வழியையும் மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனம் திறந்து வைத்திருக்கிறது. படிப்பை விட்ட இந்திய இளைஞர்களுக்காகவே வழக்கறிஞர் பசுபதி தொடங்கிய மைஸ்கில்ஸ் அறவாரியம் சிலாங்கூரில் இயங்குகிறது. கெடாவில் அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் ஆசை, வேண்டுகோளும்கூட.

எந்த வழியில் போனாலும் எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியையும் வரலாற்றையும் கைவிடக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் சான்றிதழ் கிடையாது, மற்ற பாடங்களில் என்ன வாங்கியிருந்தாலும் சரி. வெல்டிங்குக்குப் போகிற பிள்ளை, "எனக்கு எதுக்கு வரலாறு" என்று அந்தத் தாளை வெறுமையாக விட்டு வருவதை ஆசிரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பின்னாளில் அரசு வேலைக்கும், பாலிடெக்னிக்குக்கும், பதவி உயர்வுக்கும் அந்த ஒரு தாள் குறுக்கே வந்து நிற்கும். தவறியவர்கள் இரண்டையும் மறுதேர்வில் எழுதி மீட்கலாம்.

படிவம் மூன்று முடிந்ததும் சேரக்கூடிய தொழிற்கல்லூரி இன்னொரு கதவு. அதற்கு விண்ணப்பிப்பது படிவம் மூன்றில் இருக்கும்போதே, இணையத்தில். அறிவிப்பு வந்த பிறகு யோசிக்கத் தொடங்கினால் நாள் போதாது. இந்தப் பருவத்திலேயே பள்ளிக்குப் போய் ஆலோசக ஆசிரியரைப் பார்த்து, மகனுடைய அல்லது மகளுடைய ஆர்வச் சோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அதில் இருப்பது உண்மைதானா என்று அவனிடமே, அவளிடமே கேளுங்கள். எந்தப் பள்ளியில் எந்தத் தொழிற்பாடம் இருக்கிறது, அதற்கு மாற்றிப் போக முடியுமா, அருகிலுள்ள கல்லூரியில் என்னென்ன துறை இருக்கிறது என்ற மூன்று கேள்விகளையும் அதே மேசையில் கேட்டுவிட்டு வாருங்கள்.